ஒரே ஊசி, இரண்டு வைரஸ்கள்

எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி வைரஸும் ஒன்றுக்கொன்று உறவில்லாத கிருமிகள். முதலாவது, உடலின் எதிர்ப்பாற்றலை வழிநடத்தும் சி.டி.4 அணுக்களை அழிக்கிறது. இரண்டாவது, கல்லீரலில் குடியேறி இருபது முப்பது ஆண்டுகளில் அதைத் தழும்பாக்கி இறுகச் செய்யக்கூடியது. இரண்டையும் ஒரே உடலில் கொண்டுசேர்ப்பது ரத்தம்தான். எச்.ஐ.வி. பெரும்பாலும் உடலுறவின் வழியே பரவுகிறது. ஹெபடைடிஸ் சி-க்கோ ரத்தமே முதன்மையான வழி. ஆகவே, போதை மருந்துக்காக ஊசியைப் பகிர்ந்துகொண்டவர்கள், பரிசோதிக்கப்படாத ரத்தம் ஏற்றப்பட்டவர்கள், ரத்தம் உறையாத நோய்க்காக மருந்து பெற்றவர்கள் ஆகியோரிடம்தான் இந்த இரட்டைத் தொற்று குவிந்தது. 2016-இல் வெளியான கணக்கின்படி உலகில் எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரில் ஏறத்தாழ 23 லட்சம் பேரிடம் ஹெபடைடிஸ் சி தொற்றும் இருந்தது. அவர்களில் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊசிவழி போதை மருந்து எடுத்தவர்கள். ஹெபடைடிஸ் சி இருந்தால் எச்.ஐ.வி. மருந்து குறைவாக வேலை செய்யுமா என்ற கேள்வி 1990-களின் இறுதியில் எழுந்தது. அதற்குத் தெளிவான பதில் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. தாமதத்துக்கு வைரஸின் சிக்கல் மட்டும் காரணமன்று. யாருக்கு மருந்து கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று மருத்துவ உலகம் வைத்திருந்த வழக்கமும் காரணம்.

ஹெபடைடிஸ் சி மனிதரிடையே வெகுகாலமாக இருந்தும் பெயர் பெற்றது எச்.ஐ.வி.க்குப் பின்னரே. 1970-களில் ஹெபடைடிஸ் ஏ, பி வகை வைரஸ்களுக்குப் பரிசோதனைகள் வந்தபோது, ரத்தம் ஏற்றிய பிறகு மஞ்சள் காமாலை வந்த பலரிடம் இவ்விரண்டுமே இல்லை என்பது தெரிந்தது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஹார்வி ஆல்ட்டரும் அவருடைய சகாக்களும் 1975-இல் இதை அறிவித்தனர். எது என்று சொல்ல முடியாததால், 'ஏ-யும் அல்லாத, பி-யும் அல்லாத' அழற்சி என்றே பதினான்கு ஆண்டுகள் அழைக்கப்பட்டது. 1989-இல் கலிபோர்னியாவின் கைரான் நிறுவனத்தில் மைக்கேல் ஹௌட்டன், க்வி-லிம் சூ, ஜார்ஜ் குவோ ஆகியோரின் குழு, நுண்நோக்கியில் ஒருமுறைகூடப் பார்க்காமல், மரபணுத் துண்டு ஒன்றைக் கொண்டே அந்த வைரஸை அடையாளம் கண்டது. அடுத்த ஆண்டில் ரத்த வங்கிகளுக்கான பரிசோதனை வந்தது. எச்.ஐ.வி. 1983-இல் பாரிஸில் கண்டறியப்பட்டு, 1985-இலேயே பரிசோதனைக்கு வந்துவிட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில், எச்.ஐ.வி. இருப்பதாகச் சொல்லப்பட்ட எத்தனையோ பேர் தங்கள் கல்லீரலில் இன்னொன்றும் வளர்வதை அறியாமலே இருந்தனர்.

இரட்டைத் தொற்றின் கொடுமை முதலில் வெளிப்பட்டது ரத்தம் உறையாத ஹீமோஃபிலியா நோயாளிகளிடம். ரத்தம் உறைய உதவும் எட்டாம் காரணியைப் பொடியாக்கி விற்கும் தொழில் 1970-களில் பெருகியது. ஒரே தொகுதிப் பொடிக்கு ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மா கலக்கப்பட்டது. அவர்களில் ஒருவருக்குத் தொற்று இருந்தாலும் தொகுதி முழுவதும் கெட்டது. பணத்துக்காகப் பிளாஸ்மா கொடுத்தவர்களிடமும், அமெரிக்கச் சிறைக் கைதிகளிடமும் தொற்று அதிகம் என்பது தெரிந்திருந்தும் வாங்குவது நிற்கவில்லை. 1980-களின் நடுவில் பொடியைச் சூடாக்கி வைரஸை அழிக்கும் முறை பரவலானபோது காலம் கடந்துவிட்டது. பிரிட்டனில் மட்டும் ரத்தம் உறையாத நோயுள்ள ஏறத்தாழ 1,250 பேருக்கு எச்.ஐ.வி. தொற்றியது, அவர்களில் 380 பேர் குழந்தைகள். இந்த 1,250 பேரில் ஏறக்குறைய எல்லோருக்குமே ஹெபடைடிஸ் சி-யும் இருந்தது. சர் பிரையன் லாங்ஸ்டாஃப் தலைமையிலான விசாரணைக் குழு 2024 மே மாதம் வெளியிட்ட அறிக்கை, இந்தப் பேரழிவைப் பெரும்பாலும் தவிர்த்திருக்க முடியும் என்று தீர்ப்பளித்தது. இந்த நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த மருத்துவர்களே, எச்.ஐ.வி. சேர்ந்தவர்களிடம் கல்லீரல் பலமடங்கு விரைவாகச் செயலிழப்பதை 1990-களின் தொடக்கத்தில் பதிவு செய்தனர்.

இந்தியாவில் இதே கதை மணிப்பூரில் வேறு வடிவில் நடந்தது. பர்மாவின் மலைகளிலிருந்து வந்த 'நம்பர் ஃபோர்' ஹெராயின், எல்லை ஊரான மோரே வழியாக 1980-களில் இம்பாலையும் சுராசாந்த்பூரையும் அடைந்தது.  ஹெராயின் மலிவாகக் கிடைத்தது, ஊசி கிடைக்கவில்லை. பேனாவுக்கு மை நிரப்பும் சொட்டுக் குழாயின் நுனியில் ஊசியைப் பொருத்தி, பலர் அதைக் கைமாற்றிப் பயன்படுத்தினர். பெற்றோரே பிள்ளைகளைச் சிறையில் சேர்த்த காலம் அது. சிறைக்குள்ளும் ஊசி கைமாறியது. ஆயுதக் குழுக்கள் போதைக்கு அடிமையானவர்களைக் காலில் சுட்டுத் தண்டித்தன. 1989-இல் முதல் தொற்று கண்டறியப்பட்ட ஆறே மாதங்களில் ஊசி போடுவோரில் பாதிப்பேரிடம் எச்.ஐ.வி. பரவியிருந்தது. ஹெபடைடிஸ் சி-யும் அங்கே நிலைகொண்டது. ஒருமுறை பகிர்ந்த ஊசியில் ஹெபடைடிஸ் சி தொற்றும் வாய்ப்பு எச்.ஐ.வி.யைவிடப் பலமடங்கு அதிகம் என்பதால், ஊசியால் எச்.ஐ.வி. பெற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் இரண்டையும் சுமந்தனர். சென்னையில் 'பிரவுன் சுகர்' ஹெராயின் காலத்துக்குப் பின் வலிநிவாரணியான புப்ரினார்ஃபின் ஊசி பரவியபோதும் அதே நிலைதான். இந்நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில் ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனம் ஆராய்ந்த ஊசிப் பழக்கமுள்ளோரில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்தது; அவர்களில் பெரும்பாலோரிடம் ஹெபடைடிஸ் சி-யும் காணப்பட்டது.

1996 வரை இந்த இரண்டாவது தொற்றைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படப் பலருக்கும் நேரமில்லை. எய்ட்ஸ் சில ஆண்டுகளில் கொன்றது. கல்லீரல் கெடும் அளவுக்கு நோயாளிகள் வாழவில்லை. அந்த ஆண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துத் தரும் கூட்டுச் சிகிச்சை வந்தது. எச்.ஐ.வி.யால் ஏற்படும் மரணம் வேகமாகக் குறைய, அதுவரை மறைந்திருந்த கல்லீரல் நோய் முன்னுக்கு வந்தது. பாஸ்டனின் லெமுவேல் ஷாட்டக் மருத்துவமனையில் எச்.ஐ.வி. நோயாளிகளின் மரணங்களில் 1991-இல் சுமார் 11.5 சதவீதம் கல்லீரல் செயலிழப்பால் நேர்ந்தது. 1998-99-இல் அது 50 சதவீதம். பாரிஸில் ஈவ் பென்ஹாமூ குழு 1999-இல், எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் கல்லீரல் தழும்பு விரைவாகப் பெருகுவதையும், சி.டி.4 எண்ணிக்கை 200-க்குக் கீழ் இருப்பதும் மதுப்பழக்கமும் அதை இன்னும் முடுக்குவதையும் காட்டியது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இரட்டைத் தொற்று உள்ளவர்களுக்குக் கல்லீரல் தழும்பேறி இறுகும் சிரோசிஸ் நிலை வரும் வாய்ப்பு இருமடங்கு, கல்லீரல் முற்றாகச் செயலிழக்கும் வாய்ப்பு ஆறு மடங்கு எனத் தெரிந்தது.

எச்.ஐ.வி. கல்லீரலைக் கெடுக்கிறது என்பது உறுதியானபின், எதிர்த்திசைக் கேள்வி எழுந்தது: கல்லீரலில் உள்ள வைரஸ் எச்.ஐ.வி. சிகிச்சையைக் கெடுக்கிறதா? முதல் பெரிய பதில் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தது. அங்கே 1988 முதல் எச்.ஐ.வி. நோயாளிகளை ஆண்டாண்டாகப் பின்தொடரும் பதிவு இருக்கிறது. கூட்டுச் சிகிச்சை தொடங்கிய 3,111 பேரைப் பற்றி 2000-ஆம் ஆண்டு 'லான்செட்' இதழில் அக்குழு எழுதியது. அவர்களில் 37 சதவீதம் பேரிடம் ஹெபடைடிஸ் சி எதிர்ப்பொருள் இருந்தது. ரத்தத்தில் எச்.ஐ.வி. அடங்குவதில் இரு பிரிவினருக்கும் வேறுபாடு இல்லை. மருந்து வைரஸை ஒரேபோல் அடக்கியது. ஆனால் சி.டி.4 அணுக்கள் மீள்வதில் இரட்டைத் தொற்று உள்ளோர் பின்தங்கினர். புதிய எய்ட்ஸ் நோயோ மரணமோ நேரும் அபாயம் அவர்களிடம் 1.7 மடங்காக இருந்தது. இந்த ஆய்வு வெளிவந்ததும், ஹெபடைடிஸ் சி எச்.ஐ.வி.யை வேகப்படுத்துகிறது என்ற எண்ணம் மருத்துவர்களிடையே வேகமாகப் பரவியது.

இரண்டே ஆண்டுகளில் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை அதை மறுத்தது. மார்க் சுல்கோவ்ஸ்கி குழு 1,955 பேரை ஆராய்ந்தது. 45 சதவீதம் பேருக்கு இரட்டைத் தொற்று. முதல் பார்வையில் அங்கும் வேறுபாடு தென்பட்டது. ஆனால் யார் கூட்டுச் சிகிச்சை பெற்றார், யார் பெறவில்லை, பெற்றவரில் எவ்வளவு பயன் கிடைத்தது என்பதைக் கணக்கில் சேர்த்ததும் அது மறைந்தது. இரட்டைத் தொற்று உள்ளவர்கள் மோசமாக இருந்ததற்குப் பெரும் காரணம் அவர்களுக்கு மருந்து குறைவாகக் கிடைத்ததே. இந்த வரலாற்றில் மிக முக்கியமான கண்டுபிடிப்பு இதுதான் என்று சொல்லலாம். வைரஸின் மேல் ஏற்றப்பட்ட பழியில் ஒரு பகுதி மருத்துவமனையின் வாசலுக்கே திரும்பியது. 2005-இல் யூரோசிடா ஆய்வு, ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஏறத்தாழ 6,000 பேரைக் கொண்டு இதை உறுதிப்படுத்தியது: ஹெபடைடிஸ் சி எய்ட்ஸை விரைவுபடுத்தவில்லை, மருந்தின் பயனையும் குறைக்கவில்லை, ஆனால் கல்லீரலால் நேரும் மரணத்தைப் பெருமளவு கூட்டியது.

சுவிஸ் ஆய்வு கண்ட சி.டி.4 பின்னடைவு முழுப் பொய்யும் அல்ல. அதே 2005-இல் எட்டு ஆய்வுகளின் 6,216 பேரைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, சிகிச்சை தொடங்கி 48 வாரங்களில் இரட்டைத் தொற்று உள்ளோரிடம் மைக்ரோலிட்டருக்குச் சராசரியாக 33 சி.டி.4 அணுக்கள் குறைவாக உயர்ந்திருந்தன. நூற்றுக்கணக்கில் உயரும் எண்ணிக்கையில் இது சிறியது, எனினும் இருந்தது. இதற்குப் பல காரணங்கள் ஆராயப்பட்டன. தொடர்ந்து இருக்கும் ஹெபடைடிஸ் சி, எதிர்ப்பாற்றல் அமைப்பை ஓய்வில்லாமல் தூண்டி அணுக்களைச் சோர்வுறச் செய்யக்கூடும். கல்லீரல் இறுகியவர்களிடம் மண்ணீரல் வீங்கி வெள்ளணுக்களைத் தன்னிடம் தேக்கிக்கொள்கிறது. அதனால் ரத்தத்தில் சி.டி.4 எண்ணிக்கை குறைந்து தெரியும், அதன் சதவீதமோ மாறாது. இது மருத்துவர்களுக்கு நடைமுறையில் முக்கியமான பாடம். சிரோசிஸ் உள்ளவரின் எண்ணிக்கை மட்டும் குறைந்திருப்பதைப் பார்த்து எச்.ஐ.வி. மருந்து தோற்றுவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது. ஆரம்பகால ஆய்வுகள் பல எதிர்ப்பொருளை மட்டுமே சோதித்தன என்பதும் கவனிக்கத் தக்கது. வைரஸ் நீங்கிய பின்னும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கும் என்பதால், தானாகவே வைரஸ் நீங்கியவர்களும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டனர்.

மருந்துகளின் பக்கவிளைவில்தான் கல்லீரல் உண்மையாகவே தடையாக நின்றது. எச்.ஐ.வி. மருந்துகளில் பலவற்றைக் கல்லீரலே உடைத்து வெளியேற்ற வேண்டும். ஏற்கெனவே அழற்சியுற்ற கல்லீரலில் அவை நச்சாகக்கூடும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு 298 பேரிடம் செய்த ஆய்வில் சுமார் பத்து சதவீதம் பேருக்குக் கடுமையான கல்லீரல் பாதிப்பு வந்தது. அன்றைய முழு அளவில் ரிட்டோனாவிர் எடுத்தவர்களில் அது 30 சதவீதம். ஆனால் அதே ஆய்வு, ஹெபடைடிஸ் பி அல்லது சி இருந்தவர்களிலேயே 88 சதவீதம் பேர் கடுமையான பாதிப்பு எதுவுமின்றி மருந்தைத் தாங்கினர் என்றும் காட்டியது. பலர் முதல் எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு சிகிச்சையைத் தள்ளிப்போட்டனர். எச்.ஐ.வி. மருந்துகளில் ஸ்டாவுடின் கல்லீரலில் கொழுப்பைச் சேர்த்தது. நெவிரபின் சிலரிடம் திடீரென்று கல்லீரலைத் தாக்கியது. இந்தியாவில் 2004 ஏப்ரல் முதல் தேதி அரசு ஏ.ஆர்.டி. எனப்படும் எச்.ஐ.வி. கூட்டுச் சிகிச்சையை இலவசமாகத் தரத் தொடங்கியபோது, தாம்பரம் சானடோரியம் மருத்துவமனை உள்ளிட்ட மையங்களில் தரப்பட்ட முதல்நிலைக் கூட்டில் இவ்விரண்டும் இருந்தன. மலிவாகக் கிடைத்தவையும் அவைதாம். அவற்றுக்குப் பதிலாக டெனோஃபோவிர், எஃபாவிரென்ஸ், பின்னர் டோலுடெக்ராவிர் என்று மாறியபோது கல்லீரல் பற்றிய அச்சம் பெருமளவு விலகியது.

ஹெபடைடிஸ் சி-க்கு அன்று இருந்த சிகிச்சை இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையும்தான். வாரம் ஒருமுறை ஊசி, 48 வாரங்கள். காய்ச்சல், முடி உதிர்வு, ரத்தசோகை, தற்கொலை எண்ணம்வரை போகும் மனச்சோர்வு. 2004-இல் வெளியான 'ஏப்ரிகாட்' ஆய்வில் 19 நாடுகளைச் சேர்ந்த 868 இரட்டைத் தொற்று நோயாளிகள் கலந்துகொண்டனர். நீடித்துச் செயல்படும் இன்டர்ஃபெரானும் ரிபாவிரினும் சேர்ந்து 40 சதவீதம் பேரைக் குணமாக்கின. முதல் மரபுவகை வைரஸ் இருந்தவர்களில் அது 29 சதவீதமே. எச்.ஐ.வி. இல்லாதவர்கள் பெற்ற பயனைவிட இது கணிசமாகக் குறைவு. இரு சிகிச்சைகளும் ஒன்றோடொன்று மோதவும் செய்தன. ரிபாவிரின், எச்.ஐ.வி. மருந்தான டிடானோசினின் நச்சுத்தன்மையைக் கூட்டி, ரத்தத்தில் லாக்டிக் அமிலத்தைப் பெருக்கிச் சிலரைக் கொன்றது. சிடோவுடினுடன் சேர்ந்தால் ரத்தசோகை முற்றியது. இன்டர்ஃபெரானே சி.டி.4 எண்ணிக்கையைத் தற்காலிகமாகக் குறைத்து, நோயாளியையும் மருத்துவரையும் பயமுறுத்தியது.

இந்தக் கடுமையைக் காரணம் காட்டியே ஊசிப் பழக்கம் உள்ளவர்கள் ஒதுக்கப்பட்டனர். 1997-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஒப்புரை அறிக்கை, போதை மருந்தைக் குறைந்தது ஆறு மாதமாவது நிறுத்தியவர்களுக்கே ஹெபடைடிஸ் சி சிகிச்சை தர வேண்டும் என்றது. 2002-இல் அந்த விதி தளர்ந்து, ஒவ்வொருவர் நிலையையும் பார்த்து முடிவெடுக்கலாம் என்று மாறியது. காகிதத்தில் மாறிய விதி பல மருத்துவமனைகளில் மாறவில்லை. தொற்று யாரிடம் அதிகமோ அவர்களுக்கே மருந்து இல்லை என்ற நிலை நோயைப் பரப்பியதே தவிரத் தடுக்கவில்லை. ஸ்பெயினின் ஹெசிடா ஆய்வுக் குழு 2009-இல் காட்டியது இந்த இழப்பின் அளவை உணர்த்தும்: இன்டர்ஃபெரானால் குணமான இரட்டைத் தொற்று நோயாளிகளிடம் கல்லீரல் செயலிழப்பும் மரணமும் குணமாகாதவர்களைவிட மிகக் குறைவு. பிந்தைய ஆய்வில், குணமானவர்களிடம் எச்.ஐ.வி. முற்றுவதும் குறைந்திருந்தது.

2013 டிசம்பரில் சோஃபோஸ்புவிர் அமெரிக்காவில் அனுமதி பெற்றதோடு இந்த அத்தியாயம் முடிந்தது. வைரஸ் பெருகத் தேவையான நொதியை நேரடியாக முடக்கும் மாத்திரை அது. 2015-இல் வெளியான 'அயான்-4' ஆய்வில், எச்.ஐ.வி. மருந்து எடுத்துக்கொண்டிருந்த 335 பேர் சோஃபோஸ்புவிரும் லெடிபாஸ்விரும் சேர்ந்த மாத்திரையைப் பன்னிரண்டு வாரம் சாப்பிட்டனர். 96 சதவீதம் பேர் குணமாயினர். எச்.ஐ.வி. இல்லாதவர்களிடம் கிடைத்த பலனும் அதுவே. அதன்பின் இரட்டைத் தொற்று என்பது சிகிச்சையளிக்கக் கடினமான தனிப்பிரிவு என்ற கருத்தைச் சிகிச்சை வழிகாட்டு நூல்கள் கைவிட்டன. எஞ்சியது மருந்துகளின் மோதலைக் கவனிப்பதே. எஃபாவிரென்ஸ் எடுப்பவருக்கு, ஹெபடைடிஸ் சி மருந்தான டாக்லாடாஸ்விரை 60-லிருந்து 90 மில்லிகிராமாகக் கூட்ட வேண்டும். ரிட்டோனாவிருடன் அடாசனாவிர் எடுப்பவருக்கு 30 ஆகக் குறைக்க வேண்டும். மற்றொரு ஹெபடைடிஸ் சி மருந்தான வெல்படாஸ்விரை எஃபாவிரென்ஸுடன் சேர்க்கவே கூடாது. ஹெபடைடிஸ் பி-யும் இருப்பவரிடம் சி வைரஸ் நீங்கும்போது பி தலைதூக்கலாம் என்பதால், அதையும் அடக்கும் டெனோஃபோவிரை நிறுத்தக் கூடாது.

தடை இப்போது விலையில் இருந்தது. அமெரிக்காவில் அன்று பன்னிரண்டு வார சோஃபோஸ்புவிர் சிகிச்சைக்கு 84,000 டாலர் ஆனது. ஒரு மாத்திரை 1,000 டாலர். அங்கே பல மாநிலங்களின் ஏழைகளுக்கான காப்பீட்டுத் திட்டங்கள், கல்லீரல் நன்றாகக் கெட்டபிறகே மருந்து தருவோம், போதையை விட்டால்தான் தருவோம் என்று பழைய வழக்கத்தைப் புதிய மருந்துக்கும் நீட்டின. 2014 செப்டம்பரில் சோஃபோஸ்புவிரின் உரிமை கொண்ட கிலியட் நிறுவனம் ஏழு இந்திய நிறுவனங்களுக்குத் தயாரிப்பு உரிமம் அளித்தது. அடுத்த ஆண்டு 28 மாத்திரை கொண்ட குப்பி 20,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக இந்தியச் சந்தைக்கு வந்தது. போட்டியால் விலை மேலும் சரிந்தது. ஊசி போடுபவர் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட மாட்டார் என்ற சந்தேகமும் நிலைக்கவில்லை. அண்மையில் ஊசி போட்டுக்கொண்ட 103 பேரிடம் செய்யப்பட்டு 2018-இல் வெளியான 'சிம்ப்ளிஃபை' ஆய்வில் 94 சதவீதம் பேர் குணமாயினர். குணமாக்குவதே தடுப்பும் ஆகும் என்பதை நெதர்லாந்து காட்டியது. 2015 இறுதியில் எல்லோருக்கும் கட்டுப்பாடின்றி மருந்து தரத் தொடங்கியபின், எச்.ஐ.வி. உள்ள ஓரினச்சேர்க்கை ஆண்களிடையே புதிய ஹெபடைடிஸ் சி தொற்று அங்கே பாதியாகக் குறைந்தது.

இந்தியாவில் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளை 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் கண்டறிந்தவர்கள் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும். சுனிதி பின்னர் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனமே சென்னையின் ஊசிப் பழக்கமுள்ளோரிடம் இரட்டைத் தொற்றை ஆராய்ந்தது. அவருடைய மகன் சுனில் சாலமன் தலைமையில் ஐந்து நாடுகளில் நடந்த 'மின்மான்' ஆய்வு, சிகிச்சையை எவ்வளவு எளிமையாக்கலாம் என்று பார்த்தது. மரபுவகைச் சோதனை இல்லை. இடையில் ரத்தப் பரிசோதனையும் இல்லை. பன்னிரண்டு வாரத்துக்கான 84 மாத்திரைகளும் முதல் நாளிலேயே கையில் தரப்பட்டன. சுமார் 400 பேரில் 95 சதவீதம் குணமாயினர். பங்கேற்றவர்களில் ஐந்தில் இருவருக்கு எச்.ஐ.வி. இருந்தது, அவர்களிடமும் மற்றவர்களிடமும் பலன் ஒன்றே.

2018 ஜூலை 28-இல் இந்திய அரசு தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அதன்கீழ் ஹெபடைடிஸ் சி பரிசோதனையும் மாத்திரைகளும் அரசு மையங்களில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. கல்லீரல் இறுகாதவருக்கு சோஃபோஸ்புவிரும் டாக்லாடாஸ்விரும் பன்னிரண்டு வாரங்கள். சிரோசிஸ் வந்தவருக்கு வெல்படாஸ்விர் சேர்ந்த கூட்டு. ஏ.ஆர்.டி. மையத்தில் மருந்து வாங்கும் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் ஹெபடைடிஸ் சி பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்; ஊசிப் பழக்கம் தொடர்ந்தால் ஆண்டுதோறும் செய்ய வேண்டும். குணமானவருக்கும் மறுபடி தொற்றலாம் என்பதால் புதிய ஊசிகள் தடையின்றிக் கிடைப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.